சோத்தாங்கைப் பக்கம்

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்த பிறகுதான் ஆசீருக்கு உறைத்தது, இங்கே ஒருவரும் கழற்றவில்லை. மழைக்கோட்டும் குடையுமாக வந்தவர்கள் ஈர பூட்ஸோடு டக்டக்கென்று பேராலயத்துக்குள் நேரே போய்க்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் வந்து இறங்கிய நாள் முதல் கோட்டை, கல்லூரி, கவிஞர் பிறந்த வீடு, நாவலாசிரியை டீ குடித்த வீடு என்று எல்லா இடத்திலும் ஷூவோடு திரிந்தவன்தான். சிலுவை வைத்த கதவைக் கண்டதும் கால் தன்பாட்டுக்கு ஊர்ப் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஊரில் கோயில் படியில் செருப்புகள் குவியலாகக் கிடக்கும், ஆராதனை முடிந்து வந்தால் தன்னுடையதைத் தேடி எடுப்பதே தனி ஆராதனை. திருநெல்வேலியிலிருந்து எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளை இலக்கியமும் பழைய கட்டடமும் காட்டுகிறேன் என்று கூட்டிவந்திருந்த ரோஸ்லின் மேடம் திரும்பிப் பார்த்தார். "ஆசீர், என்னப்பா இது? போடு போடு. நம்மள என்ன நினைப்பாங்க." கூடப் படிக்கிற முகிலரசி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க கோயில்லதான் கழட்டணும்னு நெனச்சேன், உங்களுதுலயுமா?" என்றாள். அவன் குனிந்து நாடாவை முடியும்போதுதான் தரையைப் பார்த்தான். தரை முழுக்கப் பெயர்கள். பாவியிருந்த கல் ஒவ்வொன்றும் ஒரு கல்லறை. கால் வைக்கிற இடமெல்லாம் ஆள் கிடக்கிறார்கள். பெயரின்மேல் பூட்ஸ், செத்த வருஷத்தின்மேல் பூட்ஸ், 'அருமை மனைவி' என்கிற எழுத்தின்மேல் ஒரு சிறு பெண்ணின் பச்சை ரப்பர் பூட்ஸ். எழுத்துமேல் கால் படுது பாரு என்று அம்மா சொல்வாள், பழைய பேப்பரை மிதித்தால்கூட. அவன் ஒரு காலை எங்கே வைப்பது என்று பார்த்தான். வைக்க இடமில்லை. பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். போன் இன்னும் அடிக்கவில்லை.

அடிக்கும். ஊரில் சாயங்கால மழை இறங்குவதற்குள் அப்பா வீடியோவில் கூப்பிடுவார். ராத்திரியே சொல்லிவிட்டார், கொத்தனார் வந்துவிடுவான், நீ போனைக் கையிலேயே வைத்திரு என்று. அம்மாவுக்குக் கல்லறை கட்டப் போகிறார்கள். தங்கபுஷ்பம், நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ஆயா, போன மழைக் காலத்துக் காய்ச்சலில் போனவள். அதே காய்ச்சலில் அப்பா அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு வார்டில் கிடந்தார், அவருக்குச் சொல்லவில்லை, சொன்னால் அவரும் போய்விடுவார் என்று மாமா தடுத்துவிட்டார். அதனால் அடக்கத்துக்கு நின்றது ஆசீர்தான். குழிக்கு மேல் மண் மேடும், பெயிண்டில் பேர் எழுதின மரச்சிலுவையும் வைத்துவிட்டு வந்தார்கள். அதே வாரம் பக்கத்திலேயே இன்னொரு அடக்கம், முதியோர் இல்லத்துக் கிழவி, கேட்க ஆள் இல்லாதவள். அப்பா வீடு திரும்புமுன்பே அந்த மழை பெருமழையாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடை புகுந்து ஓடியதில் சிலுவைகள் எல்லாம் மதில் மூலையில் போய்க் குப்பையோடு ஒதுங்கின, எழுத்து ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு மேடும் கரைந்து ஒரே மாதிரி கிடக்கின்றன. கல்லறைத் திருநாளுக்குள் கட்டாத மேடுகளை நிரவிவிடப் போகிறோம் என்று சேகரத்துக் கோயிலில் அறிவிப்பு வாசித்துவிட்டார்கள். கோயில் பதிவேட்டில் வரிசைதான் இருக்கிறது, இடம் இல்லை. குழி வெட்டின ஆள் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். மாமாவைக் கேட்டால் காலையில் இந்தப் பக்கம் என்கிறார், சாயங்காலம் அந்தப் பக்கம் என்கிறார், அன்றைக்கு அவர் குடை பிடித்துக்கொண்டு பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பா யாரோடும் சண்டை போடவில்லை. "எதுக்குக் குழம்புதிய, ஆசீர் நின்னு பாத்தவன்லா, அவன் சொல்லிருவான்" என்று முடித்துவிட்டார்.

ஆசீர் பார்க்கவில்லை. நின்றான், அது உண்மை. பெட்டியை இறக்கும் கயிறு கரகரவென்று பலகையில் உராய்ந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஆனால் கண் அங்கே இல்லை. அங்கே பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று தோன்றி, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி கல்லறையைப் பார்த்தான். ஊரில் அதற்கு அதுதான் பேர், அதன் இரண்டு பக்கமும்தான் இப்போது அந்த இரண்டு மேடும். யாரோ ஒரு கேப்டனின் மனைவி, ஹாரியட், இருபத்துச் சொச்சம் வயதில் காய்ச்சலில் செத்தவள், தலைமாட்டில் ஒரு பளிங்குத் தேவதை, ஒரு சிறகு உடைந்தது. பாதிரி ஐயர் ஜெபம் பண்ணப் பண்ண அவன் அந்தக் கல்லில் இருந்த ஆங்கிலத்தை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பாசி பிடித்த எழுத்து எது, உளி வழுக்கின எழுத்து எது, தேவதையின் கண்ணில் எங்கே கறை, எல்லாம் தெரியும். 'மண்ணைப் போடு தம்பி' என்று யாரோ கையைப் பிடித்துத் திருப்பினார்கள், திரும்பினான், போட்டான். எந்தப் பக்கம் திரும்பினான்? அவ்வளவுதான் கேள்வி. மனசு அந்த இடத்துக்கு வந்ததும் வழுக்கி மறுபடி எழுத்துக்கே போய்விடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், அடுத்த செமஸ்டரில் ஊர்ப்பக்கத்து ஆங்கிலேயர் கல்லறைகளைப் பற்றி அவன் ஒரு கட்டுரை எழுதினான், வேறு எதுவும் அவனுக்கு எழுத வரவில்லை. மேடம் வகுப்பில் வாசித்துக் காட்டினார், இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க ஒரு கண் வேண்டும் என்றார். பயணத்துக்கு ஆள் பொறுக்கினபோது முதல் பேர் அவனுடையது. அம்மாவைப் பார்க்காமல் பார்த்த பார்வைக்குப் பரிசாக இங்கிலாந்து வந்து நிற்கிறான். அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லி வாயைக் கட்ட முடியாமல் பண்ணியிருப்பாள். சமைக்கும்போது, "எய்யா, இங்கிலீசுல எதாம் சொல்லு" என்பாள், அவன் பாடத்திலிருந்து எதையாவது சொன்னால் உப்புப் போட மறந்து நிற்பாள். என்ன அர்த்தம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சத்தம் நல்லாருக்கு என்பாள்.

இடது, வலது என்றாலே அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தகராறு. பிறக்கும்போதே இடது கைக்காரன். பலகாரத்துக்கு இடது கையை நீட்டினான் என்று அம்மா புறங்கையில் போட்டாள். பென்சிலை அதில் பிடித்தான் என்று போட்டாள். "பீச்சாங்கையால எழுதுனா படிப்பு எப்படில ஏறும்?" என்று கேட்டு, அந்தக் கையைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் அமுக்கிவைத்துக்கொண்டு, வலது கையில் பென்சிலைத் திணித்து அ எழுதவைத்தாள். படிப்பு ஏறியது. ஆனால் அன்றையிலிருந்து பக்கம் குழம்பிப்போயிற்று. யாராவது இடது பக்கம் திரும்பு என்றால் எது என்று ஒரு நொடி முழிப்பான். எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று விரலை அசைத்துப் பார்த்துத்தான் திரும்புவான். முகிலரசி இதைக் கண்டுபிடித்து பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், இந்த ஊரில் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அவனைக் கேலி பண்ண அது ஒன்று போதுமாயிருந்தது. அவனும் சிரித்தான். உள்ளே ஒன்று விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தேவதை நம்மைப் பார்த்து நிற்கிறது. தேவதைக்கு இடது நமக்கு வலது. அன்றைக்குத் தேவதையின் முகத்தைப் பார்த்தேனா, சிறகைப் பார்த்தேனா? முகம் என்றால் முன்னால் நின்றிருக்கிறேன். எழுத்து முன்னால்தான் இருக்கிறது. அப்படியென்றால் கையைப் பிடித்துத் திருப்பினது எந்தக் கையை? மண் அள்ளினது எந்தக் கையால்? அவசரத்தில் பழைய கை முந்திக்கொண்டிருக்குமோ?

"இங்க பாருங்க" என்று மேடம் எல்லோரையும் கூட்டினார். கோயிலைச் சுற்றிக் காட்டுகிற பெரியவர், கம்பளிக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக, வரிசையாகப் படுத்திருந்த கல் மனிதர்களுக்கு நடுவில் நின்று மெதுவான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கவசம் போட்ட பிரபு, கூப்பின கையோடு பக்கத்தில் மனைவி, அவர்கள் காலடியில் ஒரு கல் நாய். இருநூறு வருஷத்துக்கு முன் கோயிலைச் செப்பனிட்டவர்களுக்குக் கல்லறைகள் கோணல்மாணலாக இருந்தது பிடிக்கவில்லையாம், மேலே இருந்த கல்லையெல்லாம் கிளப்பி இப்படி நேர்வரிசையில் வைத்துவிட்டார்களாம். கீழே இருப்பவர்களை அசைக்கவில்லை. ஆகவே இந்தச் சீமாட்டிக்குக் கீழே இருப்பது இவளா, வேறு யாராவதா, யாருமே இல்லையா என்று எங்களுக்கே தெரியாது என்று சொல்லி அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆசீர் சீமாட்டியின் கல்லையே பார்த்தான். பிறகு அவனுக்குள் ஒரு சின்ன ஆறுதல் எட்டிப் பார்த்தது. அப்படித்தானே, யாருக்குத் தெரியப் போகிறது. ஏதாவது ஒரு பக்கம் சொன்னால் போதும். கல் ஏறிவிட்டால் அதுதான் அம்மா. இருநூறு வருஷம் கழித்து யாராவது வந்து சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஆறுதல்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. கூட்டம் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்ததும் அவன் பின்தங்கி, சீமாட்டியின் தலைமாட்டுக்கு எதிரே போய் நின்றான். இது ஹாரியட் என்று வைத்துக்கொள். இங்கே மதில். இங்கே ஐயர். அன்றைக்கு வெறும் கால், சேறு, ஒரு கால் புதைந்தது, அதை உருவ மாமாவின் தோளைப் பிடித்தேன். எந்தக் கால்? ஒரு காலை அழுத்திப் பார்த்தான். மற்ற காலை அழுத்திப் பார்த்தான். இப்படித் திரும்பினான், கையை நீட்டி மண் போட்டுப் பார்த்தான். அப்படித் திரும்பிப் போட்டுப் பார்த்தான். ரெண்டும் சரியாக இருந்தது. அதுதான் பயங்கரம், இரண்டு பக்கமும் உடம்பு ஆமாம் என்றது. ஒரு வெள்ளைக்காரக் குழந்தை தன் அம்மாவின் கோட்டைப் பிடித்தபடி அவன் காற்றில் மண் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பயணத்தில் ஒரு ஏற்பாடு உண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒரு மாணவர் பேச வேண்டும். இந்தப் பேராலயம் ஆசீருக்கு விழுந்திருந்தது. மேடம் கண் காட்டினார். அவன் கல் நாயின் பக்கத்தில் நின்று பேசினான், தடங்கலில்லாமல் பேசினான். இங்கிருந்து புறப்பட்டு எங்கள் ஊரில் வந்து படுத்தவர்களின் கல்லறைகள் என்று ஆரம்பித்து ஹாரியட்டுக்கு வந்ததும் குரல் தானாக இறங்கியது. வெயிலில் கல் சுடுகிற நேரம், தேவதையின் விரலிடுக்கில் கூடு கட்டின குளவி, கல்லின் கடைசி வரி மண்ணுக்குள் இறங்கிப் பாதி மறைந்திருப்பது, எல்லாம் வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். "என் அப்பா" என்றான் ஆசீர். பொய்யில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவுக்குப் பூ வைக்கப் போகிற அப்பா, வெள்ளைக்காரி கல்லையும் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு வருவார், பக்கத்து வீடு மாதிரி. எல்லோரும் கை தட்டினார்கள். இவ்வளவு அன்பாக ஒரு கல்லறையைப் பற்றி யாரும் இங்கே பேசி நான் கேட்டதில்லை என்று பெரியவர் சொல்ல, மேடத்துக்குப் பூரிப்பில் என்ன செய்வதென்று தெரியவில்லை. "பாத்தியா" என்று முகிலரசியிடம் சொன்னார். ஆசீருக்கு அழுகை வந்தது. ஓர் எழுத்தை விடாமல் சொல்லத் தெரிகிறது, அதற்கு ஓரடி தள்ளி இருப்பது தெரியவில்லை. அந்த நேரத்தில் தொடையில் போன் அதிர்ந்தது.

வெளியே, புல் முற்றத்தைச் சுற்றி ஓடின கல் தாழ்வாரத்துக்கு ஓடினான். ஓடும்போதே முடிவு பண்ணிவிட்டான். தெரியாது என்று சொல்லிவிடுவது. அப்பா, நான் பார்க்கலை, எனக்குப் பார்க்க முடியலை, வேற எங்கயோ பார்த்துக்கிட்டிருந்தேன். அவ்வளவுதானே, மூன்று வாக்கியம். ரெண்டு மேட்டுக்குமே ஒரே மாதிரி கல்லறை கட்டிவிடலாம் என்றுகூடச் சொல்லலாம், அந்தக் கிழவிக்கும் யாரும் இல்லை, அப்பா மறுக்கமாட்டார். ஏன் இது இத்தனை நாள் தோன்றவில்லை என்று அவனுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. மூச்சு வாங்கப் பச்சைப் புள்ளியைத் தள்ளினான்.

அப்பாவின் முகம் ஆடிக்கொண்டே வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு தேறாத கன்னம், சவரம் பண்ணி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நல்ல காரியத்துக்குப் போகிற மாதிரி. பின்னால் மாமா குடையோடு. கொத்தனார் கயிறும் முளைக்குச்சியுமாக உட்கார்ந்திருந்தான்.

"எய்யா, கேக்குதா? சாப்டியா? அங்க குளிரா?"

"கேக்குதுப்பா."

"மேக்க கறுத்துட்டு வருது. கொத்தனாரு கயிறு பிடிக்கட்டுமான்னு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. நாந்தான் நிறுத்தி வச்சிருக்கேன், எம்மவன் சொல்லாம ஒரு மண்ணத் தொடக் கூடாதுன்னு."

"அப்பா."

"இரு, காட்டுதேன் பாரு." படம் சுழன்றது. ஈர மண், நெருஞ்சி, மதில், பிறகு தேவதை. உடைந்த சிறகு. ஆசீருக்கு வாசிக்காமலே முதல் வரி வாய்க்குள் ஓடியது. "நான் தேவதையப் பாத்து நிக்கேன். தெரியுதா? இந்தா, இது ஒரு மேடு. இந்தா, இது ஒண்ணு. எய்யா, இப்படிப் பாத்து நிக்கையில உங்கம்மா எனக்கு எந்தப் பக்கம்? பீச்சாங்கைப் பக்கமா, சோத்தாங்கைப் பக்கமா?"

அவன் வாயைத் திறந்தான். தெரியாது என்கிற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அப்பா கேட்ட வார்த்தை அதற்குள் உள்ளே போய்விட்டது. பீச்சாங்கைப் பக்கம் அம்மா. அம்மாவைப் போய் அந்தப் பக்கத்தில் வைக்கவா? தன் கையை முந்தானையில் சுற்றி அமுக்கினவளை, செத்த அன்றைக்கும் விரலில் மஞ்சள் வாசனை போகாத அந்தச் சோத்துக் கைக்காரியை? அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சோத்தாங்கைப் பக்கம்ப்பா."

படம் சாய்ந்து மண் மட்டும் தெரிந்தது.

"சோத்தாங்கையா?" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. "நான் இத்தன நாளும் இந்தப் பக்கம்லா பூ வச்சிட்டிருந்தேன்."

ஆசீர் தூணைப் பிடித்துக்கொண்டான். இப்போது சொல்லலாம். இப்போதுகூடச் சொல்லலாம். முற்றத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேடம் அவனைத் தேடிக் கையசைத்தார். சொல் என்று தனக்குத்தானே சொன்னான்.

"எனக்கு என்னமோ இங்கதான்னு தோணிக்கிட்டே இருந்துச்சு" என்றார் அப்பா. "வந்து நின்னா மனசு அடங்கும், அதான். அது கெடக்கு, அது வெறும் நெனப்பு. நான் என்ன பாத்தேன், ஆஸ்பத்திரில கெடந்தவன். பாத்தவன் நீதாம்லா." அவர் குனிவது தெரிந்தது. போனை மாமா கையில் கொடுத்திருப்பார் போல. படத்தில் இப்போது அப்பா இருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பீச்சாங்கைப் பக்கத்து மேட்டின்மேல் இருந்த கேந்திப் பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டார். காய்ந்ததையும் விடவில்லை. அந்தப் பக்கம் பார்த்து, "கோவிச்சுக்கிடாதம்மா" என்று மெதுவாகச் சொன்னார், யாரோ தெரியாத பொம்பளையிடம் பேசுகிற மரியாதையோடு. பிறகு தேவதையைச் சுற்றி மற்ற மேட்டுக்கு வந்து, மடியை அவிழ்த்துக் கொட்டினார்.

"பிடிங்க கயித்த" என்றார் கொத்தனாரிடம். முளைக்குச்சியில் சுத்தியல் விழுந்தது.

"எய்யா," அப்பாவின் முகம் திரும்பவும் கிட்டே வந்தது, நிம்மதியாக இருந்தது, "நீ மட்டும் பாக்கலன்னா நான் என்ன செஞ்சிருப்பேன், சொல்லு."

"சரிப்பா" என்றான் ஆசீர்.